ஒரு பக்கம் மட்டும் அடைத்த மூக்கு: முப்பரிமாண எக்ஸ்ரேயில் கிடைத்த நான்காவது வேர்க்குழாய்

இட்லிக் கடை நடத்துகிறவருக்கு மூக்குதான் முக்கியக் கருவி. மாவு பதமாகப் பொங்கியிருக்கிறதா, புளிப்பு ஏறிவிட்டதா என்பது பாத்திரத்தின் மூடியைத் தூக்கியதுமே தெரிந்துவிடும். இந்த நிகழ்வின் நோயாளிக்கு வயது 51. இருபது வருடங்களுக்கு மேலாகக் கடை நடத்துகிறார். என்னிடம் வந்தபோது பல மாதங்களாக மாவின் வாசனை அவருக்குச் சரியாகத் தெரியாமல் இருந்தது. அதற்குப் பதிலாக வேறொரு நாற்றம் வந்து வந்து போனது. "எலி செத்த மாதிரி இருக்கு டாக்டரம்மா. அடுக்களை, பரண் எல்லாம் தேடிட்டேன். கடைசியில என் மூக்குக்குள்ளதான் இருக்குன்னு புரிஞ்சுது" என்றார்.

அவருடைய சம்மதத்தோடு, பெயரும் ஊரும் தவிர்த்து எழுதுகிறேன். நான் வேர்சிகிச்சை (ரூட் கெனால்) மட்டும் செய்யும் பல் மருத்துவர். இந்த நிகழ்வில் முதலில் தவறவிட்டவர்களில் நானும் ஒருத்தி என்பதால் இதை எழுதியே ஆகவேண்டும் என்று நினைத்தேன்.

முதல் தடவை

இடது மூக்கில் அடைப்பு, தொண்டைக்குள் சளி இறங்குவது, குனிந்து அடுப்பைப் பார்த்தால் இடது கண்ணுக்குக் கீழே கனம். இவைதான் தொல்லைகள். பல்வலி அறவே இல்லை. இ.என்.டி. மருத்துவர் மூன்று தடவை ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு வாரம் நன்றாக இருந்து, பிறகு அதே நாற்றம் திரும்பியிருக்கிறது. எண்டோஸ்கோப்பில் பார்த்தபோது இடது பக்கம் சீழ் வடிவது தெரிந்ததாம். "எதற்கும் பல்லையும் பார்த்துவிடுங்கள்" என்று ஒரு சீட்டு எழுதி அவரை என்னிடம் அனுப்பினார்.

மேல் இடது முதல் கடவாய்ப்பல்லுக்கு ஏழு வருடங்களுக்கு முன்பு வேறு ஊரில் ரூட் கெனால் செய்து கேப் போட்டிருந்தார்கள். தட்டிப் பார்த்தேன். வலி இல்லை, மற்ற பற்களைவிடக் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார். ஈறில் கொப்புளம் இல்லை, ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் விட்ட அளவுகோல் எங்கேயும் 3 மி.மீ.க்கு மேல் இறங்கவில்லை. ஆர்விஜி எடுத்தேன். வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் சாதாரணப் பல் எக்ஸ்ரேதான் அது. மூன்று வேர்களிலும் வெள்ளைக் கோடாக அடைப்புப் பொருள் நுனிவரை இறங்கியிருந்தது. வேர் நுனிகளின் மேல் கன்ன எலும்பின் வெண்ணிழல் விழுந்திருந்தது. மேல் கடவாய்ப்பல் படத்தில் அது வழக்கமாக விழுவதுதான். கோணத்தைக் கொஞ்சம் மாற்றி இன்னொரு படமும் எடுத்தேன். கண்ணில் பட எதுவும் இல்லை.

பதில் சீட்டில் "மேல் இடது பற்களில் கோளாறு இல்லை" என்று எழுதினேன். அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. "இந்தப் படத்தில் தெரியவில்லை" என்றுதான் எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் இருந்த தூரம் அந்த அம்மாவுக்கு ஐந்து மாதம்.

தட்டையான படம் ஏன் ஏமாற்றுகிறது

சாதாரணப் பல் எக்ஸ்ரே என்பது ஒரு நிழல். கதிர் கன்னத்துப் பக்கமிருந்து நுழைந்து, எலும்பையும் வேர்களையும் கடந்து, வாய்க்குள் வைத்த சென்சாரில் விழுகிறது. வழியில் இருந்த எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தாளில் பதிகின்றன. ரோட்டில் நின்று தோப்பைப் பார்த்தால் முன்னால் நிற்கும் தென்னைக்கு நேர் பின்னால் இன்னொரு தென்னை நிற்பது தெரியாது. அதே கதைதான் இங்கேயும். பக்கவாட்டில் நடந்துபோய்ப் பார்த்தால்தான் இரண்டு மரம் என்று தெரியும்.

மேல் முதல் கடவாய்ப்பல் இந்த விஷயத்தில் மிகவும் சிக்கலான பல். கன்னத்துப் பக்கம் இரண்டு வேர், அண்ணத்துப் பக்கம் ஒன்று. கன்னத்துப் பக்கத்து வேர்களில் முன்னால் இருப்பதை மீசியோபக்கல் என்போம். அது உருண்டை வேர் அல்ல, பலகைபோல் தட்டையானது. கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி அகன்றிருக்கும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அந்த ஒரே வேருக்குள் இரண்டு குழாய்கள் ஓடுகின்றன. இரண்டாவதை எம்பி2 என்று சுருக்கிச் சொல்வது எங்கள் வழக்கம். முதல் குழாய்க்கு நேர் பின்னால், கதிர் வரும் திசையிலேயே அது ஒளிந்திருக்கும். அதன் வாயில் பெரும்பாலும் டென்டின் எனப்படும் பல்லின் உட்பகுதியின் ஒரு மெல்லிய விளிம்பால் மூடியிருக்கும். சிகிச்சை செய்கிறவர் தேடிப் போகாவிட்டால் கையில் அகப்படாது. அகப்படாத குழாயில் கிருமி தங்கிவிடும்.

அப்புறம், அதே வேர்களுக்கு மேலேதான் கன்னச் சைனஸின், அதாவது மூக்குக்குப் பக்கத்தில் கன்னத்துக்குள் இருக்கும் காற்றறையின் தரை. சிலருக்கு இடையில் இருக்கும் எலும்பு ஒரு முட்டை ஓட்டின் கனம்கூட வராது. பல்லும் சைனஸும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது புதிய செய்தியே இல்லை. இங்கிலாந்தின் நத்தேனியல் ஹைமோர் 1651-ல் வெளியிட்ட உடற்கூறு நூலில் இந்தச் சைனஸை விவரிக்கும்போது, பல் பிடுங்கிய குழி வழியாக நீர் வடிந்துகொண்டே இருந்த ஒரு பெண்ணைப் பற்றியும் எழுதியிருக்கிறார். பல காலம் அந்தச் சைனஸுக்கு அவர் பெயர்தான் வழங்கியது.

இரண்டாம் தடவை

ஐந்து மாதம் கழித்து அதே இ.என்.டி. மருத்துவர் போனில் கூப்பிட்டார். நோயாளிக்குச் சைனஸ் சி.டி. எடுத்திருக்கிறார்கள், எண்டோஸ்கோப்பிக் அறுவை சிகிச்சைக்கும் நாள் பார்த்தாகிவிட்டது. "மேடம், இடது கன்னச் சைனஸ் முழுக்க அடைச்சிருக்கு. வலது பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கு. அலர்ஜின்னா ரெண்டு பக்கமும் இருக்கணுமே. அந்த நாத்தம் வேற. பல்லை இன்னொரு தடவை பாருங்க" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் அடைத்து, கெட்ட நாற்றத்தோடு, மருந்துக்கு அடங்கி அடங்கித் திரும்ப வந்தால் முதலில் பல்லைத்தான் சந்தேகிக்க வேண்டும். நாற்றத்துக்குக் காரணம் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகள். வேர்க்குழாய்க்குள் குடியிருப்பவை பெரும்பாலும் அந்த வகைதான். பல்வலி ஏன் இல்லை என்பதற்கும் பதில் இருக்கிறது. சீழ் எலும்புக்குள் அடைபட்டு அழுத்தினால்தான் வலிக்கும். சைனஸுக்குள் வடிய வழி கிடைத்துவிட்டால் அழுத்தம் ஏறாது. பல் சும்மா இருக்கும், மூக்கு கஷ்டப்படும்.

இந்தத் தடவை சிபிசிடி, அதாவது கூம்புக் கதிரால் எடுக்கும் முப்பரிமாண எக்ஸ்ரே, எழுதிக் கொடுத்தேன்.

"ஸ்கேன்னா குழாய்க்குள்ள படுக்கணுமா? கதிர் உடம்புக்கு ஆகாதுன்னு பொண்ணு சொல்றாளே" என்று கேட்டார். படுக்க வேண்டாம், மோவாயைத் தாங்கி மேல் வைத்து நின்றாலோ உட்கார்ந்தாலோ போதும், கை ஒன்று தலையைச் சுற்றிவரும், அரை நிமிஷத்துக்குள் முடிந்துவிடும் என்றேன். அந்தக் கையின் ஒரு முனையில் எக்ஸ்ரே குழாய், எதிர்முனையில் தட்டையான உணரி. கதிர் கூம்பு வடிவில் விரிந்து வரும். ஒரே சுற்றில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, அவற்றைக் கணினி ஒன்றாகக் கோத்து முப்பரிமாண உருவமாக மாற்றும். அந்த உருவத்தைச் சிறு சிறு கனசதுரங்களாகப் பிரித்து வைத்திருப்பதால் எந்தத் திசையில் வேண்டுமானாலும் வெட்டிப் பார்க்கலாம். மருத்துவமனை சி.டி.யில் படுக்கை நகரும், கதிர் விசிறிபோல் மெல்லியதாக வரும். அதன் முதல் நோயாளி 1971 அக்டோபரில் லண்டனில் ஸ்கேன் செய்யப்பட்டார். அதைக் கண்டுபிடித்த ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் நோபல் பரிசு கிடைத்தது. பல்லுக்கென்றே கூம்புக் கதிர் வர மேலும் பல வருடம் ஆயிற்று. இத்தாலியின் வெரோனாவில் உருவான நியூடாம் இயந்திரத்தைப் பற்றிய கட்டுரை 1998-ல் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி அராய் குழுவினர், ஒன்றிரண்டு பல்லை மட்டும் நுணுக்கமாகப் பார்க்கும் சிறுபரப்பு இயந்திரத்தை உருவாக்கினார்கள். எனக்குத் தினமும் உதவுவது இந்த இரண்டாவது வழிதான்.

கதிர் பற்றி மகள் கேட்டது நல்ல கேள்வி. வாய்க்குள் எடுக்கும் ஒரு சிறிய எக்ஸ்ரே பெரும்பாலும் 8 மைக்ரோசீவர்ட்டை (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு) தாண்டாது. முழுத் தாடையைக் காட்டும் ஓபிஜி ஏறக்குறைய 3 முதல் 24 வரை. சிபிசிடிக்கு அப்படி ஒரே எண் சொல்ல முடியாது. தாடையின் ஒரு பகுதியை மட்டும் எடுக்கும்போதே, இயந்திரத்தையும் பரப்பையும் பொறுத்து, 11-லிருந்து 674 வரை பதிவாகியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க: இயற்கையிலிருந்தே ஒரு மனிதருக்கு உலக சராசரியாக வருடத்துக்கு 2,400 மைக்ரோசீவர்ட் கிடைக்கிறது. ஆகவே பயந்து நடுங்க வேண்டியதில்லை. அதற்காக வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துத் தள்ளுவதும் சரியில்லை. குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். அவர்களுடைய திசுக்கள் கதிரை அதிகம் உணர்பவை. கிளிப் போட வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முழு மண்டை ஸ்கேன் எடுக்கும் பழக்கத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

அமெரிக்க வேர்சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் அங்குள்ள வாய்-முகக் கதிரியல் கழகமும் சேர்ந்து 2015-ல் புதுப்பித்த நிலைப்பாடு இதைத் தெளிவாகச் சொல்கிறது. முதலில் வாய்க்குள் எடுக்கும் சாதாரண எக்ஸ்ரே. அதில் விடை கிடைக்காதபோதோ, ஏற்கெனவே சிகிச்சை செய்த பல் ஆறாதபோதோ சிறுபரப்பு சிபிசிடி. எங்கள் நோயாளி இரண்டாவது வகை. 5 × 5 செ.மீ. பரப்பு, 0.1 மி.மீ. கனசதுரம் என்று எழுதினேன். சைனஸின் மேல்பகுதி அதில் வராது. ஆனால் அது ஏற்கெனவே சி.டி.யில் இருக்கிறதே, இன்னொரு முறை எதற்கு?

படத்தில் இருந்தது

5 செ.மீ.யை 0.1 மி.மீ.யாக வெட்டினால் ஒரு திசைக்கு 500 துண்டு. மூன்று திசைக்கும் சேர்த்து 1,500. ஸ்கேன் மையம் தரும் அச்சிட்ட ஃபிலிமில் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். அதனால் ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் தந்த குறுந்தகட்டைக் கணினியில் போட்டு, கேப்பிலிருந்து வேர் நுனி நோக்கி ஒவ்வொரு துண்டாக மேலே நகர்ந்தேன்.

முதலில் கேப். உலோகம் என்பதால் அதைச் சுற்றிக் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள் தெறித்திருந்தன. அந்த உயரத்தில் எதையும் நம்ப முடியாது. இன்னும் மேலே போனதும் கோடுகள் குறைந்தன. வேர்கள் மூன்றாகப் பிரிந்தன. அண்ண வேரில் அடைப்புப் பொருள் நடுவில் வெள்ளைப் புள்ளியாக இருந்தது. பின்பக்கக் கன்ன வேரிலும் நடுவில். மீசியோபக்கல் வேரின் வெட்டுமுகம் மட்டும் நீண்ட அவரைக்கொட்டை மாதிரி. அதில் வெள்ளைப் புள்ளி நடுவில் இல்லை, கன்னத்துப் பக்கமாக ஒதுங்கி இருந்தது. நல்ல வேரில் குழாய் நடுவில்தான் ஓடும். ஒதுங்கி இருந்தால் மறுபக்கம் இன்னொன்று இருக்கிறது என்றுதான் அர்த்தம். மறுபக்கம் பார்த்தேன். ஏறக்குறைய 2 மி.மீ. தள்ளி, ஊசி முனையால் குத்தியதுபோல் ஒரு கரும்புள்ளி. அடுத்த துண்டிலும் இருந்தது, அதற்கடுத்ததிலும். நுனிவரை கூடவே வந்தது.

நுனியைச் சுற்றி எலும்பு கரைந்து சுமார் 5 மி.மீ. அளவுக்குக் குழி. அதன் மேல்விளிம்பில் சைனஸின் தரை வெள்ளைக் கோடாக ஓடவேண்டும். முன்னாலிருந்து ஓடிவந்த கோடு அந்த இடத்தில் அறுந்து, கொஞ்சம் தள்ளித்தான் மறுபடி தொடங்கியது. அறுந்த இடத்துக்கு மேலே சைனஸ் சாம்பல் நிறமாக நிறைந்திருந்தது. ஏழு வருடங்களுக்கு முன்பு கண்டுபிடிக்கப்படாத ஒரு குழாயிலிருந்து அவர் மூக்குவரை நேரான பாதை.

அதன்பிறகு நான் செய்ததுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுகிறது. அறுவை சிகிச்சைக்காக எடுத்த சைனஸ் சி.டி.யை வாங்கித் திறந்தேன். எலும்பு தெரியும் அமைப்புக்கு மாற்றி, கீழ்விளிம்புக்கு வந்தேன். அறுந்த கோடு அங்கேயும் இருந்தது. இவ்வளவு துல்லியமாக இல்லை, எம்பி2 தெரியவில்லை, ஆனால் தரையில் ஓட்டை இருப்பது தெரிந்தது. அறிக்கையில் "இடது கன்னச் சைனஸ் அழற்சி" என்று இருந்தது. பற்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. சைனஸைப் படிக்கிறவருடைய கண் சைனஸின் தரையில் நின்றுவிடுகிறது. பல்லைப் படிக்கும் என்னுடைய கண் வேர் நுனியில் நின்றுவிட்டது. நோய் இருந்ததோ இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்த மெல்லிய கோட்டில். ஐரோப்பிய ஆணையம் 2012-ல் வெளியிட்ட பல் சிபிசிடி வழிகாட்டுதல் இதனால்தான், எடுத்த படம் முழுவதையும் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், கேட்ட பல்லை மட்டும் பார்த்துவிட்டு மூடக்கூடாது என்கிறது. நம் ஊரில் ஸ்கேன் எடுப்பது எளிதாகிவிட்டது. உட்கார்ந்து படிக்க ஒதுக்கும் நேரம்தான் இன்னும் கூடவில்லை.

இந்தப் படத்தாலும் எல்லாம் தெரியாது. சைனஸில் நிறைந்திருப்பது சீழா, வீங்கிய சவ்வா, வேறு ஏதாவதா என்று சிபிசிடி பிரித்துச் சொல்லாது. மென்திசுவில் அது பலவீனம். ஏற்கெனவே அடைத்த வேரில் வெள்ளைப் பொருளிலிருந்து தெறிக்கும் கறுப்புக் கோட்டை விரிசல் என்று எண்ணி நல்ல பல்லைப் பிடுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஸ்கேன் ஓடும்போது எச்சில் விழுங்கித் தலை அசைந்தால் படம் கலங்கும். அதனால் எடுப்பதற்கு முன்பே "ஒரு தடவை விழுங்கிக்கோங்க, அப்புறம் அசையாதீங்க" என்று சொல்லச் சொல்வேன்.

சிகிச்சை

மூன்று வழிகளை அவர் முன் வைத்தேன்: பல்லை எடுப்பது, வேர் நுனியை அறுவை செய்து நீக்குவது, பழைய வேர்சிகிச்சையைத் திறந்து விட்டுப்போன குழாயைச் சுத்தம் செய்வது. பல்லை எடுத்தால் தரையில் இருக்கும் ஓட்டை வாய்க்குத் திறந்துகொள்ளும் வாய்ப்பு இருந்தது. மூன்றாவதை அவர் தேர்ந்தெடுத்தார். நானும் அதைத்தான் விரும்பினேன். அறுவை சிகிச்சையைத் தள்ளிவைக்க இ.என்.டி. மருத்துவர் ஒப்புக்கொண்டார்.

கேப்பை வெட்டி எடுத்து, ரப்பர் டேம் (அந்தப் பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் விரிப்பு) கட்டி, நுண்ணோக்கியில் பார்த்தேன். பல்லின் தரையில் முதல் குழாயிலிருந்து அண்ணம் நோக்கி ஒரு மெல்லிய பழுப்புக் கோடு. ஸ்கேனில் அளந்து வைத்த 2 மி.மீ. தூரத்தை மனதில் வைத்துக்கொண்டு, அல்ட்ராசானிக் முனையால் டென்டினைத் துளித்துளியாகச் சுரண்டினேன். அளவு தெரியாமல் சுரண்டினால் பல்லின் தரையே ஓட்டையாகிவிடும். அன்று எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்திருந்தது. நுனி 0.08 மி.மீ. கனமே உள்ள 8-ம் எண் ஃபைலை (குழாய்க்குள் விடும் மெல்லிய கம்பி) வைத்தேன். இரண்டு முறை வழுக்கியது. மூன்றாவது முறை லேசாகக் கவ்விப் பிடித்தது. அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரியும். கூடவே நாற்றமும் வந்தது. முகக்கவசத்தைத் தாண்டி எனக்கும் என் உதவியாளருக்கும். "இதேதான் டாக்டரம்மா, இதேதான்" என்று ரப்பர் டேமுக்கு அடியிலிருந்து குழறலாகச் சொன்னார். அவருக்கு மட்டும் தெரிந்த நாற்றம் அன்று முதல்முறையாக மூன்று பேருக்குத் தெரிந்தது.

மேலே சைனஸ் திறந்திருப்பதால் கழுவுவதில் மிகுந்த கவனம் தேவைப்பட்டது. குழாயைக் கழுவும் சோடியம் ஹைபோகுளோரைட் நுனியைத் தாண்டினால் பெரிய வேதனை. பக்கவாட்டில் துளையுள்ள ஊசி, நுனிக்குக் கீழேயே நிறுத்தி, அழுத்தமில்லாமல் மெதுவாகக் கழுவினேன். மீசியோபக்கல் வேரின் பழைய குழாயையும் திறந்து சுத்தம் செய்தேன். இரண்டு குழாய்களுக்கும் நடுவில் இடுக்கு இருப்பதால் ஒன்றை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை. மற்ற இரண்டு வேர்களைத் தொடவில்லை. படத்தில் அவற்றின் நுனி ஆரோக்கியமாக இருந்தது. எல்லா வேர்களையும் திறப்பதுதான் முறை என்று சொல்லும் சக மருத்துவர்கள் உண்டு. எனக்குத் தேவையில்லாமல் பல்லைக் குடைய மனம் வரவில்லை.

குழாய்க்குள் கால்சியம் ஹைட்ராக்சைடு மருந்து வைத்து மூன்று வாரம் விட்டேன். பதினோராம் நாள் போன் வந்தது, நாற்றம் நின்றுவிட்டது என்று. மூன்று வாரம் கழித்து குழாய்களை அடைத்து, பிறகு புது கேப் போட்டோம். மூக்குக்கு உப்புநீர்க் கழுவல் மட்டும் தொடர்ந்தது.

அதன்பின்

மூன்றாம் மாத எண்டோஸ்கோப்பியில் சீழ் இல்லை. அறுவை சிகிச்சை ரத்தானது. எல்லோருக்கும் இப்படி நடக்காது. பல்லைச் சரிசெய்த பிறகும் சைனஸின் வாயில் அடைபட்டே இருந்து, இரண்டு சிகிச்சையும் தேவைப்பட்டவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஆறாம் மாதம் ஆர்விஜி எடுத்தேன். மாற்றம் எதுவும் சொல்ல முடியவில்லை, நோயையே காட்டாத படம் குணத்தை மட்டும் எப்படிக் காட்டும்? அதனால் ஒரு வருடம் முடிந்ததும், அவரிடம் காரணத்தைச் சொல்லி, அதே 5 × 5 செ.மீ.யில் ஒரே ஒரு ஸ்கேன். வேர் நுனிக் குழி நிறைந்திருந்தது. சைனஸின் தரை மறுபடி முழுக் கோடாகியிருந்தது, பழைய இடத்தில் மட்டும் லேசான மேடு. மேலே கறுப்பு, அதாவது காற்று.

அந்தப் படத்தைத் திரையில் அவருக்குக் காட்டி, கோட்டை விரலால் தொட்டுக் காண்பித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தோள்பையிலிருந்து ஒரு தூக்கை எடுத்து மேசைமேல் வைத்தார். திறந்தபோது இட்லியின் ஆவி அடித்தது. "நேத்து மாவு ஒரு மணி நேரம் முன்னாடியே புளிச்சிடுச்சு. நான்தான் முதல்ல கண்டுபிடிச்சேன்" என்றார். இனி ஸ்கேன் தேவையில்லை, ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.